ரேடான்: பாறை தரும் வாயுவும் நம் நுரையீரலும்

நுரையீரல் புற்றுநோய் உறுதி செய்யப்பட்டவுடன் பல குடும்பத்தினர் மருத்துவரிடம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கள் அம்மா பீடி, சிகரெட் எதையும் தொட்டதே இல்லை. பிறகு எப்படி வந்தது?" என்பதே அது. நியாயமான கேள்வி. புகைப்பழக்கமே இந்நோயின் முதன்மைக் காரணம் என்றாலும் அதுவே ஒரே காரணம் அன்று. பிறர் விடும் புகை, விறகடுப்புப் புகை, மாசுபட்ட காற்று, கல்குவாரித் தூசு, உயிரணுக்களில் தாமாகவே நேரும் மரபணு மாற்றங்கள் ஆகியனவும் காரணமாகலாம். இவற்றோடு, பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத இன்னொரு காரணமும் உண்டு. அது மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும் வெளிப்படும் ரேடான் என்னும் வாயு.

ரேடானுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதுமில்லை. எனவே ஒரு வீட்டில் அது மிகுதியாக இருக்கிறதா என்பதை அளந்து மட்டுமே அறிய முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988ஆம் ஆண்டில் ரேடானை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நாடுகளுக்கு ஏற்ப, நுரையீரல் புற்றுநோயில் 3 முதல் 14 விழுக்காடு வரை ரேடானால் ஏற்படுவதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. அஞ்சுவதற்காக அல்லாமல், எதற்கு எவ்வளவு கவலைப்பட வேண்டும் என்று தெளிவதற்காக இக்கட்டுரையை வாசிக்கும்படி வேண்டுகிறோம்.

பாறையில் தொடங்கும் தொடர்

எந்த ஊர்ப் பாறையிலும் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கின்றன. ஒரு டன் சாதாரணப் பாறையில் ஏறத்தாழ இரண்டு, மூன்று கிராம் யுரேனியம் இருக்கலாம். இவை பூமி உருவான நாளிலிருந்தே இருப்பவை. எந்தத் தொழிற்சாலையும் கொண்டுவந்து சேர்த்தவை அல்ல.

யுரேனியம்-238 அணு நிலையற்றது. அது சிதைந்து வேறொரு தனிமமாகிறது; அதுவும் சிதைந்து மற்றொன்றாகிறது. இவ்வாறு 14 படிகளைக் கடந்து இறுதியில் சிதையாத ஈயமாக நிலைபெறுகிறது. இதனையே சிதைவுத் தொடர் என்பர். ஒரு பொருளின் அணுக்களில் பாதி சிதைந்து போக எடுக்கும் காலம் அதன் அரை ஆயுள் எனப்படும். யுரேனியம்-238இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டுகள். தொடரின் நடுவில் வரும் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். ரேடியம் சிதைந்து பிறப்பதே ரேடான். அதன் அரை ஆயுள் 3.8 நாள் மட்டுமே.

இத்தொடரில் ரேடான் தனித்து நிற்பதற்குக் காரணம் அது வாயுவாக இருப்பதே. அதற்கு முன்னும் பின்னும் வருபவை எல்லாம் திடப்பொருள்கள். பிறந்த இடத்திலேயே கல்லுக்குள் கிடப்பவை. ரேடானோ பாறையின் வெடிப்பு வழியாகவும் மண்ணின் இடைவெளிகள் வழியாகவும் மேலேறி வரவல்லது. வெட்டவெளிக்கு வந்தால் காற்றில் கலந்து நீர்த்துப் போகும். வீட்டுத் தரையின் விரிசல் வழியாக ஒரு மூடிய அறைக்குள் வந்தால் அங்கேயே தேங்கும்.

தோரியத் தொடரிலும் இதுபோன்ற ஒரு வாயு பிறக்கிறது. அதனைத் தோரான் என்பர். அதன் அரை ஆயுள் 56 வினாடி மட்டுமே என்பதால் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் செல்வதில்லை; சுவரை ஒட்டியே முடிந்துவிடுகிறது.

நுரையீரலுக்குள் நிகழ்வது

நாம் மூச்சில் இழுக்கும் ரேடானின் பெரும்பகுதி அடுத்த மூச்சிலேயே வெளியேறிவிடும். தீங்கு விளைப்பவை அதன் வழித்தோன்றல்கள். அறைக்காற்றில் ரேடான் சிதையும்போது பொலோனியம், ஈயம், பிஸ்மத் ஆகியவற்றின் நிலையற்ற அணுக்கள் உண்டாகின்றன. இவை திடப்பொருள்கள் ஆதலால் தூசியிலும் புகைத் துகளிலும் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாய்ச் சுவரில் படிகின்றன. படிந்த அரைமணி, ஒரு மணி நேரத்திற்குள் அவற்றுள் பெரும்பாலானவை அங்கேயே சிதைந்து ஆல்ஃபா துகள்களை வெளியிடுகின்றன.

ஆல்ஃபா துகள் ஆற்றல் மிக்கது. ஆனால் தொலைவு செல்லாதது. காற்றில் சில சென்டிமீட்டருக்குள்ளும், உடல் திசுவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள்ளும் நின்றுவிடும். தோலின் மேல் பட்டால் இறந்த செல்களாலான மேலடுக்கே அதைத் தடுத்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் அத்தகைய காப்பு இல்லை. அங்குப் பிரிந்து பெருகும் உயிருள்ள செல்கள் அத்துகள் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. அவற்றின் மரபணுவில் சேதம் விழுகிறது. அச்சேதத்தின் பெரும்பகுதியை உடல் தானே சீர்செய்துவிடும். பல ஆண்டுகள் தொடர்ந்து விழும்போது சீராகாமல் எஞ்சும் ஏதோ ஒன்று புற்றுநோய்க்கு வித்தாகலாம்.

இதனை முதலில் காட்டியவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கங்களில் பணியாற்றியோரை நெடுங்காலம் வாட்டிய மார்புநோய், நுரையீரலில் தோன்றும் புற்றே என்பதை 1879இல் ஹெர்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். ரேடான் என்ற வாயு அப்போது கண்டறியப்படவே இல்லை.

வீடுகளிலும் இச்சிக்கல் உண்டு என்பதை உலகம் உணர்ந்தது 1984இல். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கட்டப்பட்டுவந்த லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்னும் பொறியாளர் பணியாற்றினார். நிலையம் மின்னுற்பத்தியைத் தொடங்குவதற்கு முன்பே, அவர் கடக்கும்போதெல்லாம் கதிரியக்க எச்சரிக்கை மணி ஒலித்தது. ஆராய்ந்தபோது, அக்கதிரியக்கத்தை அவர் தம் வீட்டிலிருந்தே உடையில் சுமந்து வந்தது தெரிந்தது. அவ்வீட்டின் அடியிலிருந்த பாறை வெளியிட்ட ரேடான், காற்றின் ஒவ்வொரு கனமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கரல் அளவுக்குத் தேங்கியிருந்தது.

சேலம், நாமக்கல் மண்ணின் இயல்பு

நம் சமவெளியின் அடியில் இருப்பது முழுக்கக் கடும்பாறையே. நைஸ், சார்னோகைட் என்னும் மிகப் பழைய பாறைகள் எங்கும் பரவியுள்ளன. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் பெரும்பாலும் சார்னோகைட்டால் ஆனவை. சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கிரானைட் ஊடுருவி நிற்கிறது. சேலம் நகரை ஒட்டிய கரடுகளில் மாக்னசைட் எனும் வெள்ளைக்கல் வெட்டப்படுகிறது. கஞ்சமலையில் இரும்புத்தாதுப் பாறை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தசைட் என்னும் வெளிறிய பாறை உள்ளது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 திட்டத்தின் சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணைத் தயாரிக்க இஸ்ரோ இதனையே பயன்படுத்தியது.

இப்பாறைகள் ஒவ்வொன்றிலும் யுரேனிய அளவு வேறு. பொதுவாகக் கிரானைட்டில் கூடுதலாகவும், சார்னோகைட்டில் அதைவிடக் குறைவாகவும், மாக்னசைட் தரும் பாறை வகைகளில் மிகக் குறைவாகவும் இருக்கும். பாறையில் உள்ளது எவ்வளவு என்பது பாதிக் கதை மட்டுமே. பாறை வெடித்திருக்கிறதா, மேல்மண் காற்றோட்டம் உள்ளதா, வீட்டுத் தரை எப்படிப்பட்டது, சன்னல்கள் திறந்திருக்கின்றனவா என்பவையே அறையில் தேங்கும் அளவை முடிவு செய்கின்றன. எனவே ஊரின் பெயரைக் கொண்டோ பாறையின் பெயரைக் கொண்டோ ஒரு வீட்டின் ரேடான் அளவைச் சொல்ல இயலாது. அடுத்தடுத்த இரு வீடுகளே வேறுபடக்கூடும்.

நமக்குச் சாதகமான செய்தி நம் தட்பவெப்பம். குளிர்நாடுகளில் ஆண்டின் பாதி நாள் சன்னல்களை அடைத்துவைத்து, அடித்தள அறையோடு கூடிய வீடுகளில் வாழ்கிறார்கள். நம் வீடுகளில் வெக்கைக்காகவே சன்னலும் கதவும் திறந்து கிடக்கின்றன. இந்திய நகரங்களின் வீடுகளில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த அளவீட்டில் கிடைத்த சராசரி, கனமீட்டருக்குச் சுமார் 23 பெக்கரல். உலக வீடுகளின் சராசரி சுமார் 40 பெக்கரல்.

எப்படி அளக்கிறார்கள்?

பெக்கரல் என்பது வினாடிக்கு ஓர் அணு சிதைவதைக் குறிக்கும் அலகு. ஒரு கனமீட்டர் காற்றில் 100 பெக்கரல் என்றால், அக்காற்றில் ஒவ்வொரு வினாடியும் 100 ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட படுக்கையறையின் கொள்ளளவு ஏறத்தாழ 28 கனமீட்டர். அவ்வறையில் வினாடிக்கு 2,800 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கும். இது பெரிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் மனித உடலிலேயே, உணவின் வழியாக வரும் பொட்டாசியத்தால், வினாடிக்குச் சில ஆயிரம் அணுக்கள் எப்போதும் சிதைகின்றன. எனவே எண்ணைக் கண்டவுடன் அஞ்சாமல், அதனை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று அறிவதே முறை.

வீட்டில் ரேடானை அளக்க மூன்று வழிகள் பெருவழக்கில் உள்ளன.

முதலாவது, படலம் வைத்து அளப்பது. எல்.ஆர்-115 அல்லது சி.ஆர்-39 எனப்படும் சிறிய பிளாஸ்டிக் படலத்தை ஒரு குப்பிக்குள் வைத்து அறையில் தொங்கவிடுவார்கள். ஆல்ஃபா துகள் பட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரியாத தடங்கள் பதியும். மூன்று மாதம் கழித்து அப்படலத்தைக் காரக் கரைசலில் இட்டால் தடங்கள் அகன்று புலப்படும். அவற்றை எண்ணிச் சராசரியைக் கணக்கிடுவார்கள். குப்பியின் வாயில் நுண்துளை வைத்தால் காற்று உள்ளே ஊடுருவத் தாமதமாகும். அதற்குள் தோரான் சிதைந்துவிட, ரேடான் மட்டும் உட்செல்லும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் இம்முறையில் இரண்டையும் பிரித்தறியும் கருவியை வடிவமைத்துள்ளனர்.

இரண்டாவது, கரிக்குப்பி. செறிவூட்டிய கரி ரேடானை ஈர்த்து வைத்துக்கொள்ளும். சில நாள் கழித்து மூடி ஆய்வகத்திற்கு அனுப்பினால், அதிலுள்ள வழித்தோன்றல்கள் வெளியிடும் காமா கதிரை அளந்து சொல்வார்கள்.

மூன்றாவது, மின்னணுக் கருவி. மணிக்கு மணி அளவைக் காட்டக்கூடியது.

பாறை, மண், செங்கல் ஆகியவற்றை அளக்கும் முறை வேறு. மாதிரியைப் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, ஏறத்தாழ ஒரு மாதம் அப்படியே வைத்துவிடுவார்கள். பொடிக்கும்போது ரேடான் வெளியேறியிருக்கும். ஏழு அரை ஆயுள்கள், அதாவது சுமார் 27 நாள்கள் கடந்தால், இழந்த ரேடானில் 99 விழுக்காடு மீண்டும் உருவாகிவிடும். அதன் பின்னர் பிஸ்மத் வெளியிடும் காமா கதிரை அளந்தால் மாதிரியில் எவ்வளவு ரேடியம் உள்ளது என்பது தெரியவரும்.

அளக்கும்போது சில முறைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அதிக நேரம் இருக்கும் படுக்கையறையிலோ கூடத்திலோ கருவியை வைப்பர். சமையலறையிலும் குளியலறையிலும் வைப்பதில்லை. சுவரையும் சன்னலையும் மின்விசிறியையும் விட்டுத் தள்ளி, மூச்சு விடும் உயரத்தில் வைப்பர். ரேடான் அளவு இரவில் ஏறி, பகலில் இறங்கும்; மழைக்காலத்திலும் கோடையிலும் மாறும். ஆகவே ஒரு நாள் அளவைக் கொண்டு முடிவுக்கு வருவது தவறு. பல மாதச் சராசரியே நம்பத்தக்கது.

எண்கள் சொல்வது என்ன?

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கையேடு, வீடுகளில் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 100 பெக்கரலைத் தாண்டாதிருத்தல் நன்று என்றும், அது இயலாத நாடுகளிலும் 300ஐத் தாண்டக்கூடாது என்றும் கூறுகிறது.

2005இல் வெளியான ஓர் ஆய்வு ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்று சேர்த்து, நுரையீரல் புற்றுநோய் கண்ட 7,148 பேரையும் அந்நோய் இல்லாத 14,208 பேரையும் ஒப்பிட்டது. நீண்டகாலச் சராசரி 100 பெக்கரல் கூடினால் நோய்வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் முடிவு. 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் அது மதிப்பிட்டது.

வாழ்நாளில் புகைக்காதோர் ஆயிரம் பேரில்: ரேடான் இல்லாவிடில் 4 பேர், 100 பெக்கரலில் 5 பேர், 400 பெக்கரலில் 7 பேர்.

தொடர்ந்து புகைப்போர் ஆயிரம் பேரில்: ரேடான் இல்லாவிடில் 100 பேர், 100 பெக்கரலில் 120 பேர், 400 பெக்கரலில் 160 பேர்.

இவ்விரு வரிகளையும் இன்னொரு முறை வாசியுங்கள். 400 பெக்கரல் உள்ள வீட்டில், புகைக்காதோருக்கு ரேடானால் கூடுவது ஆயிரத்துக்கு 3. அதே வீட்டில் புகைப்போருக்குக் கூடுவது ஆயிரத்துக்கு 60. ரேடானே இல்லாத வீட்டில் வாழ்ந்தாலும் புகைப்போருக்கு நூறு என்னும் கணக்கு நீங்குவதில்லை. ஆகையால் ரேடானுக்கு அஞ்சும் குடும்பம் முதலில் அணைக்க வேண்டியது வீட்டிலுள்ள பீடியையும் சிகரெட்டையுமே. புகையிலையை விட விரும்புவோர் 1800 11 2356 என்னும் தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம்.

போர்வெல் தண்ணீர்

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று துளையிடுகின்றன. நம் ஊர்களிலும் பல நூறு அடி ஆழத்திற்குப் பாறையைத் துளைத்தே தண்ணீர் எடுக்கிறோம். பாறை இடுக்கில் நின்ற தண்ணீரில், ஆற்று நீரைவிட ரேடான் கூடுதலாகவே கரைந்திருக்கும். ஆயினும் அது விரைவில் நீங்கிவிடும். மேல்நிலைத் தொட்டியில் விழும்போதும், குடத்தில் ஊற்றும்போதும், கொதிக்க வைக்கும்போதும் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடுகிறது. எஞ்சியதில் பாதி நான்கு நாளுக்குள் சிதைந்துவிடும். தண்ணீரில் லிட்டருக்கு 100 பெக்கரல் இருந்தாலும், அதனால் வீட்டுக் காற்றில் கூடுவது கனமீட்டருக்கு ஏறத்தாழ 10 பெக்கரல்தான்.

தண்ணீரில் கரைந்துள்ள யுரேனியம் வேறு வகை. அது கொதிக்க வைப்பதால் நீங்காது. அது கதிரியக்கத்தால் தரும் தீங்கைக் காட்டிலும், வேதிப்பொருளாகச் சிறுநீரகத்திற்குத் தரும் தீங்கே கருதத்தக்கது. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. எதிர்-சவ்வூடு முறையில் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி இதனைப் பெருமளவு நீக்கும். சிறுநீரக நோயுள்ளோர் போர்வெல் நீரையே குடித்து வந்தால், அந்நீரை ஆய்வகத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

வீட்டில் செய்யத்தக்கவை

1. படுக்கையறைச் சன்னல்களை நாள்தோறும் காலையிலும் மாலையிலும் எதிரெதிராகத் திறந்து வையுங்கள். குளிர்சாதனம் பொருத்தி இரவு முழுதும் அடைத்துவைக்கும் அறைகளுக்கு இது மிகவும் தேவை.

2. தரை விரிசல்களையும், குழாய்கள் தரைக்குள் இறங்கும் இடங்களிலுள்ள இடுக்குகளையும் சிமெண்டால் அடையுங்கள்.

3. புகைபோக்கி விசிறியை ஓட்டும்போது ஒரு சன்னலையும் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓட்டினால், தரை வழியாக வாயுவை அது இழுக்கக்கூடும்.

4. நிலவறையை உறங்கும் அறையாகவோ நோயாளரின் அறையாகவோ பயன்படுத்த வேண்டாம்.

5. கிரானைட் தரையையோ சமையல் மேடையையோ பெயர்த்தெடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் ரேடானின் முதன்மை ஊற்று அடியிலுள்ள மண்ணே. மெருகேற்றிய கல்பலகையிலிருந்து வெளிவருவது மிகச் சிறிதளவு.

6. கல்குவாரியிலோ கிரஷரிலோ பணிபுரிவோர் தூசுக்குரிய முகக்கவசத்தைத் தவறாது அணியுங்கள். கல்தூசு சிலிக்கோசிஸ் என்னும் நோயையும் தரும். நுரையீரல் புற்றுநோய்க்கும் வழிகோலும்.

குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள்

*எங்கள் அம்மாவின் நோய்க்கு ரேடான்தான் காரணமா?*

தனி ஒருவருக்கு நோய் எதனால் வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சுட்டிக்காட்ட இயலாது. ரேடானால் வந்த கட்டி, வேறு காரணத்தால் வந்த கட்டி என்று நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாது. வீடு கட்டியவரையோ, இடம் வாங்கியவரையோ, உங்களையோ நொந்துகொள்ள இதில் இடமில்லை. சிகிச்சைக்கும் காரணம் தெரிய வேண்டிய தேவை இல்லை. கட்டியின் வகை, பரவிய நிலை, மரபணு மாற்றம் ஆகியவற்றைக் கொண்டே மருந்து தீர்மானிக்கப்படுகிறது.

*கதிரியக்கம் உள்ள மண் என்றால் அங்கு எல்லோருக்கும் புற்றுநோய் வருமா?*

வராது. கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் மிகுந்த மோனசைட் கலந்துள்ளது. அங்கு வாழும் ஏறத்தாழ 70,000 பேரைத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் பத்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கண்காணித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். மண்ணிலிருந்து வரும் காமா கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவரவில்லை. மூச்சின் வழியே உட்செல்லும் ரேடான் இதிலிருந்து வேறுபட்டது என்பதால் அதனைத் தனியே அளந்து பார்க்கிறோம்.

*கதிர்சிகிச்சை பெற்று வீடு திரும்பியவரிடமிருந்து எங்களுக்குக் கதிரியக்கம் பரவுமா?*

வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் கதிர்சிகிச்சை நோயாளரின் உடலைக் கதிரியக்கமுள்ளதாக ஆக்குவதில்லை. அவரோடு உண்ணலாம், பேரக்குழந்தைகள் மடியில் அமரலாம். தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் பெற்றவர்கள் மட்டும் மருத்துவர் குறிப்பிட்ட நாள்கள் வரை விலகியிருக்க வேண்டும்.

*நுரையீரல் நோயாளர் இருக்கும் அறையை மூடி வைப்பதா, திறந்து வைப்பதா?*

மருத்துவர் வேறு அறிவுரை கூறாதவரை காற்றோட்டமான அறையே நல்லது. ரேடானுக்கு மட்டுமின்றி, காசநோய் உள்ளிட்ட காற்றில் பரவும் தொற்றுகளுக்கும் அதுவே காப்பு. தெருவில் தூசு மிகுந்த நேரத்தில் மட்டும் அப்பக்கத்துச் சன்னலை அடைத்துக்கொள்ளலாம்.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமல், சளியில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், மூச்சிரைப்பு, ஆறாத மார்புவலி, திடீரெனக் குரல் கம்முதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும், புகைக்கும் பழக்கம் இல்லாதவராயினும், தாமதிக்காமல் வாருங்கள். இவை பெரும்பாலும் காசநோயாகவோ வேறு தொற்றாகவோ இருக்கும், அவை குணப்படுத்தத்தக்கவை. காசநோய்க்கான சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. புற்றுநோயாகவே இருந்தாலும், தொடக்கத்தில் கண்டறிந்தால் சிகிச்சைக்கான வழிகள் அதிகம்.